பதினோரு பெல்லும் ஒரு கூட்டுக் கிணறும்

8.10, 8.20, 8.30, 8.45, 9.00, 9.15, 9.30. பீச் - தாம்பரம் ட்ரெயின் டைம்னு நெனச்சிடாதீங்க, எங்க 11 ஸ்கூல்ல காலைல முதல் பெல் அடிக்கிற நேரம் இது. ரெண்டு ஸ்கூல்ல பீரியட் 40 நிமிஷம், மத்ததுல 45, ஒன்னே ஒன்னுல மட்டும் ஏன்னே தெரியாம 35. 2023 ஜூன்ல நான் இந்த வேலைய ஒத்துக்கிட்டப்போ யாராவது இந்த லிஸ்ட்ட முன்னாடியே காட்டியிருந்தா, பேசாம பழைய ஸ்கூல்லயே பிளஸ் டூவுக்கு மேத்ஸ் எடுத்துக்கிட்டு காலத்த ஓட்டியிருப்பேன்.

வேலை என்னன்னா, இந்த 11 ஸ்கூலும் சேந்து ஒருத்தர் டீச்சர ஒருத்தர் பசங்களுக்கு ஆன்லைன்ல பகிர்ந்துக்கற நெட்வொர்க்குக்கு டைரக்டர். பேரு தான் பெருசு. ஆபீஸ் கீழ்ப்பாக்கத்துல ஒரு பழைய வீட்டோட மாடி. ஒரு ஏசி, அதுக்கு ரிமோட் கெடையாது. நான், டெக்னிக்கல் சமாச்சாரம் பாக்க ஒரு தம்பி, கணக்கு எழுத வாரத்துக்கு மூணு நாள் வர்ற ஒரு அம்மா, அவ்ளோ தான் ஸ்டாஃப். தெரிஞ்சவங்க கிட்ட சொன்னா "ஓ, ஆன்லைன் கிளாஸா, கொரோனாவோட முடிஞ்சு போச்சுன்னுல்ல நெனச்சேன்"ம்பாங்க. வெளக்கி வெளக்கி வாய் வலிச்சு போய், கடைசில "ஆமாங்க, அதே தான்"னு சொல்லிட்டு காபி குடிக்க ஆரம்பிச்சேன்.

இங்கயாவது ஒருதரம் முழுசா சொல்லிடறேன். எங்க ஸ்கூல் எல்லாமே சின்னது. பிளஸ் ஒன்ல ஒரு செக்‌ஷன், மிஞ்சிப் போனா ரெண்டு. அங்க ஒரு பொண்ணு ஸ்டாட்டிஸ்டிக்ஸ் கத்துக்கணும், ஒரு பையன் பைத்தான் ப்ரோக்ராமிங் கத்துக்கணும், இன்னொருத்தன் பத்திரிகைக்கு எழுத கத்துக்கணும்னு கேட்டா, ஒத்த ஆளுக்காக எந்த நிர்வாகமும் டீச்சர் போடாது. ஆனா 11 ஸ்கூல்லயும் இப்படி ரெண்டு ரெண்டு பேர் இருக்காங்கல்ல, அவங்கள ஒன்னா சேத்தா அது ஒரு முழு கிளாஸ். ஒரு ஸ்கூல் ஒரு டீச்சர கொடுக்கணும், அவங்க வாரத்துல மூணு பீரியட் ஒதுக்கி ஒரு கோர்ஸ் எடுப்பாங்க, பதிலுக்கு அந்த ஸ்கூலுக்கு 25 சீட், எந்த கோர்ஸ்ல வேணும்னாலும் பிரிச்சு போட்டுக்கலாம். பணம் கை மாறாது.

இது எங்க மூளைல உதிச்சதில்ல. அமெரிக்கால மாசசூசெட்ஸ்ல ஹட்சன்னு ஒரு சின்ன ஊரு. அந்த ஊரு ஸ்கூல்காரங்களும் கான்கார்ட் கன்சார்ட்டியம்னு ஒரு அமைப்பும் சேந்து 1997-லயே வர்ச்சுவல் ஹைஸ்கூல்னு இத ஆரம்பிச்சிட்டாங்க. ஒரு டீச்சருக்கு 25 சீட்டுங்கிற கணக்கும் அவங்களோடது தான். 1997-ல நம்மூர்ல விஎஸ்என்எல் டயல்-அப் போட்டா கீய்ங்னு கத்திட்டு, கனெக்ட் ஆகறதுக்குள்ள ஒரு டம்ளர் டீ ஆறிடும். அப்பவே அங்க பசங்க வேற ஊரு டீச்சர் கிட்ட பாடம் படிச்சிட்டு இருந்திருக்காங்க.

நம்ம பக்கம் ஒன்னும் இல்லாம இல்ல. மத்திய அரசோட ஸ்வயம் 2017-ல வந்துச்சு, அதுல ஒன்பதாவதுலேர்ந்து பிளஸ் டூ வரைக்கும் கோர்ஸ் இருக்கு. நம்ம கல்வித் தொலைக்காட்சி 2019-ல வந்து, அடுத்த வருஷமே லாக்டவுன்ல வீட்டுக்கு வீடு ஓடுச்சு. ஆனா அதுல எல்லாம் வீடியோ பசங்கள பாக்காது. பையன் பாதில எந்திரிச்சு கிரிக்கெட் ஆட போனா ஏண்டா போறன்னு கேக்க ஆளில்ல. எங்களோடதுல 22 பேருக்கு ஒரு டீச்சர், பேர் சொல்லி கூப்பிடுவாங்க, அசைன்மென்ட்ட படிச்சு பதில் எழுதுவாங்க. வித்தியாசம் அவ்ளோ தான், ஆனா அதுக்கு தான் இவ்ளோ பாடு.

சரி, பெல்லுக்கு வர்றேன். வாரத்துல ஒரு தடவையாவது எல்லா ஸ்கூல் பசங்களும் ஒரே நேரத்துல லைவ்ல வரணும்னு எனக்கு ஒரு ஆசை. பழைய டைம்டேபிள் இன்சார்ஜ் புத்தி போகுமா? பெரிய சார்ட் பேப்பர் வாங்கி தரைல விரிச்சு, ஸ்கூலுக்கு ஒரு கலர்னு ஸ்கெட்ச் பேனால கோடு போட்டு, முட்டி போட்டுக்கிட்டு ரெண்டு நாள் உக்காந்தேன். 11 ஸ்கூலுக்கும் பொதுவா காலியா இருந்தது திங்கக்கிழமை மதியம் 12.50-லேர்ந்து 1.05 வரைக்கும், அதாவது சாப்பாட்டு நேரத்துல கால் மணி நேரம். சனிக்கிழமைன்னு பாத்தா பாதி ஸ்கூல்ல ஸ்பெஷல் கிளாஸ். பிளஸ் ஒன்னுக்கும் 2018-லேர்ந்து பப்ளிக் எக்ஸாம் வந்து அப்போ அது நடப்புல இருந்ததால அந்த பசங்களையும் சனிக்கிழமை விடல. கடைசில லைவ்வ தூக்கி ஓரமா வெச்சிட்டு, ஒவ்வொரு திங்கக்கிழமையும் பாடம் திறக்கும், ஞாயித்துக்கிழமை ராத்திரிக்குள்ள முடிக்கணும், அவங்கவங்க லேப் பீரியட்ல பாத்துக்கட்டும்னு மாத்தினேன். கேக்க சாதாரணமா இருக்கும். எனக்கு அந்த சார்ட்ட சுருட்டும்போது கண்ணுல தண்ணியே வந்துடுச்சு.

முதல் கரஸ்பாண்டன்ட்ஸ் மீட்டிங் ஜூலைல. வடசென்னைல ஸ்கூல் நடத்தற ஒருத்தர், பெரியவர், வெள்ள வேட்டி சட்டை, மசால் வடைய பாதி பிட்டு வெச்சிட்டு கேட்டாரு: "மேடம், எங்க டீச்சருக்கு சம்பளம் நான் கொடுக்கறேன். அவங்க அடுத்த ஸ்கூல் பசங்களுக்கு ஏன் பாடம் எடுக்கணும்?"

"உங்க பசங்களுக்கு அடுத்த ஸ்கூல் டீச்சர் எடுக்கறாங்கல்ல சார்."

"அது நல்லா எடுக்கலைன்னா? நான் நல்ல டீச்சர கொடுத்து அவரு சுமாரான டீச்சர கொடுத்தா?" பக்கத்து சேர்ல இருந்தவர கண்ணாலயே காட்டினாரு. அவரு வடைய எடுக்கப் போன கைய அப்படியே நிறுத்திட்டாரு.

எனக்கு டக்குனு எங்க தாத்தாவோட கிணறு ஞாபகம் வந்துச்சு. செய்யாறு பக்கம் எங்க ஊரு. அஞ்சு பங்காளிக்கு ஒரே கூட்டுக் கிணறு. மும்முனை கரன்ட் எப்ப வரும்னு யாருக்கும் தெரியாது, வந்தா மொற வெச்சு இறைக்கணும். ஒருத்தர் மொறைல கரன்ட் போச்சுன்னா அடுத்த நாள் அவருக்கு சேத்துக் கொடுக்கணுமா வேணாமான்னு நடு ராத்திரில மோட்டார் கொட்டாய் வாசல்ல சண்ட நடக்கும். தூர் வாரற காசுல ஒருத்தர் கொறச்சா மூணு வருஷம் பேச்சு வார்த்தை இருக்காது. ஆனா கிணத்த யாரும் மூடல, ஏன்னா தனியா கிணறு வெட்ட யார்கிட்டயும் காசில்ல. அந்த மீட்டிங்ல நான் இத சொல்லல. சொல்லியிருந்தா அந்த வடசென்னை சாரு "எங்க ஊர்லயும் உண்டும்மா"ன்னு அவரோட பங்காளி கேஸ ஆரம்பிச்சிருப்பாரு.

அடுத்த பயம் அட்மிஷன். நல்லா படிக்கிற பசங்கள அந்த ஸ்கூல் டீச்சர் பாத்துட்டு, பிளஸ் ஒன்னுக்கு எங்ககிட்ட வந்துடுன்னு இழுத்துக்கிட்டா? இதுக்கு ஒரு பக்கம் முழுக்க விதி எழுதினோம், எந்த ஸ்கூலும் இன்னொரு ஸ்கூல் பசங்கள அட்மிஷனுக்கு கூப்பிடக்கூடாதுன்னு. எல்லாரும் கையெழுத்து போட்டாங்க. பசங்கள பத்தி தான் எழுதினோம், டீச்சர பத்தி ஒரு வரி கூட எழுதல. அது எவ்ளோ பெரிய ஓட்டைன்னு அப்போ எனக்கு உறைக்கல.

சாஃப்ட்வேர் கதைய சுருக்கமா முடிச்சிடறேன், நெனச்சா இப்பவும் பிபி ஏறுது. ஒரு கம்பெனி கிட்ட வருஷ லைசன்ஸ் வாங்கினோம். உள்ள போக ஓடிபி. ஓடிபி அப்பா போனுக்கு போகும். அப்பா ஆட்டோ ஓட்டறாரு, இல்ல பாரிஸ் கார்னர்ல கடைல நிக்கறாரு, ராத்திரி ஒன்பது மணிக்கு தான் வீட்டுக்கு வருவாரு. பையன் மத்தியானம் லேப்ல உக்காந்துக்கிட்டு "ஓடிபி வரட்டும் மிஸ்"னு ஃபேன பாத்துக்கிட்டு இருப்பான். ரெண்டாவது மாசம் பேரன்ட்ஸ் ஒவ்வொருத்தரா போன் பண்ண ஆரம்பிச்சாங்க: கோச்சிங் சென்டர்லேர்ந்து கால் வருது, நம்பர் எப்படி போச்சு மேடம்? கம்பெனில கேட்டா மழுப்பல். அந்த ஆகஸ்ட்ல தான் டேட்டா பாதுகாப்பு சட்டம் பார்லிமென்ட்ல பாஸ் ஆகியிருந்துச்சு, 18 வயசுக்கு கீழ உள்ள பசங்கன்னா பெத்தவங்க சம்மதம் வாங்கணும்னு அதுல இருக்கு. விதிமுறை இன்னும் வரல, அமலுக்கு வரலன்னு அவங்க சட்டம் பேசினாங்க. நான் பணம் போனா போகுதுன்னு விட்டுட்டு மூடுலுக்கு மாறிட்டேன். ஆஸ்திரேலியால மார்ட்டின் டோகியமாஸ்னு ஒருத்தர் எழுதி 2002-ல வெளியிட்டது, இலவசம், பாக்க பழைய கவர்மென்ட் ஆபீஸ் மாதிரி தான் இருக்கும், ஆனா ஓடும். ஓடிபி இல்ல, பேரும் பாஸ்வேர்டும் தான். தம்பி மூணு ராத்திரி தூங்காம மாத்திக் கொடுத்தான், அவனுக்கு இன்னும் ஒரு பிரியாணி பாக்கி இருக்கு.

பாஸ்வேர்டு கொடுத்தா பசங்க மறக்கும். இதுக்கு தான் ஒவ்வொரு ஸ்கூல்லயும் கோ-ஆர்டினேட்டர்னு ஒருத்தர் இருக்கணும்னு கேட்டிருந்தேன். பெரும்பாலும் கம்ப்யூட்டர் சார் பேர எழுதி அனுப்பிட்டாங்க, அவருக்கு அது பத்தோட பதினொன்னு. தண்டையார்பேட்டை பக்கத்து ஸ்கூல்ல மட்டும் லைப்ரரி அக்கா. கம்ப்யூட்டர் பெருசா தெரியாது. மவுஸ ரெண்டு கையால பிடிப்பாங்க. ஆனா ஒரு லாங் சைஸ் நோட்டு வெச்சிருப்பாங்க, பேப்பர் அட்ட போட்டு, மேல குங்குமம் மஞ்சள் வெச்சு. உள்ள கோடு போட்டு பையன் பேரு, பாஸ்வேர்டு, இந்த வாரம் முடிச்சானா, முடிக்கலைன்னா ஏன். அந்த "ஏன்" பத்தில இருந்ததெல்லாம் எந்த சாஃப்ட்வேர்லயும் வராது. "அம்மாவுக்கு ஆபரேசன்." "கரன்ட் இல்ல." "இங்கிலீஷ் புரியல, சொல்ல வெக்கப்படறான்." "லவ்வு, திட்டிருக்கேன்."

அந்த ஸ்கூல்லேர்ந்து சேந்த பசங்கள்ல கிட்டத்தட்ட எல்லாரும் கோர்ஸ முடிச்சாங்க. சிட்டிக்கு நடுவுல, ஸ்மார்ட் போர்டு வெச்ச ஒரு ஸ்கூல்ல பாதி பேர் தீபாவளிக்கு அப்புறம் காணோம். டீச்சர் ஒன்னு, பாடம் ஒன்னு. நான் முதல் ஆறு மாசம் டீச்சர் ட்ரெயினிங், வீடியோ குவாலிட்டின்னு அதுலயே கெடந்துட்டேன். அந்த குங்குமம் வெச்ச நோட்ட பாத்த அப்புறம் தான், அந்தந்த ஸ்கூல்ல பசங்கள முகத்துக்கு நேரா பாக்கற ஆள் யாருங்கிறத முதல்ல பாத்திருக்கணும்னு புரிஞ்சுது. டைரக்டர்னு போர்டு மாட்டிக்கிட்டு இது புரிய அரை வருஷம்.

எங்க ஸ்டாட்டிஸ்டிக்ஸ் மிஸ் பத்தி சொல்லாம இருக்க முடியாது. வடசென்னை சாரோட ஸ்கூல் தான் அவங்க. எல்லாரும் புக்ல இருக்கற மார்க் லிஸ்ட்ட வெச்சு சராசரி கண்டுபிடிக்க சொல்லுவாங்கல்ல, அவங்க பசங்கள பஸ் ஸ்டாப்ல போய் நிக்க சொன்னாங்க. 29சி. பெரம்பூர்லேர்ந்து பெசன்ட் நகர் போற வண்டி. எங்க ஸ்கூல்கள்ல ஒன்னு பெரம்பூர்ல, ஒன்னு மயிலாப்பூர்ல, ஒன்னு அடையாறுல. பசங்க சாயங்காலம் ஸ்கூல் விட்டதும் அவங்கவங்க ஸ்டாப்ல நின்னு, வர்ற ஒவ்வொரு 29சியோட கடைசி நாலு நம்பரும் டைமும் ஒரே ஷீட்ல போடணும், ஒரு வாரத்துக்கு.

மூணாவது நாள் ஷீட்ட நான் சும்மா திறந்து வெச்சு பாத்துட்டு இருந்தேன். பெரம்பூர் பையன் 4.20-க்கு ஒரு நம்பர் போட்டான். அப்புறம் மயிலாப்பூர்ல ஒரு வரி, அதே நம்பர். 5.34-க்கு அடையாறு பொண்ணு அதே நம்பர போட்டுட்டு பக்கத்துல "வந்துடுச்சுடா!!!"ன்னு எழுதியிருந்தா. ரெண்டு பேரும் ஒருத்தர ஒருத்தர் பாத்ததே இல்ல. அந்த பஸ் மட்டும் ரெண்டு பேரையும் பாத்திருக்கு. நான் ஆபீஸ்ல தனியா உக்காந்து லூசு மாதிரி சிரிச்சேன், கணக்கு அம்மா என்னன்னு எட்டிப் பாத்தாங்க.

அடுத்த வாரம் ஒரு பையன் கேட்டான்: "மிஸ், சராசரியா 15 நிமிஷத்துக்கு ஒரு பஸ்ஸுன்னு வருது. அப்போ நான் எப்ப போய் நின்னாலும் சராசரியா ஏழரை நிமிஷம் தானே காத்திருக்கணும்? நெஜத்துல அதுக்கு மேல நிக்கறேனே, என் ராசியா?" மிஸ் ராசி இல்லடான்னு சொல்லிட்டு ரெண்டே நம்பர் எடுத்தாங்க. ஒரு பஸ்ஸுக்கும் அடுத்ததுக்கும் நடுவுல 5 நிமிஷம், அதுக்கு அடுத்தது 25 நிமிஷம் கழிச்சு. சராசரி இடைவெளி 15 தான். ஆனா அந்த 30 நிமிஷத்துல நீ குத்துமதிப்பா போய் நின்னா, 25 நிமிஷ ஓட்டைக்குள்ள விழறதுக்கு ஆறுல அஞ்சு பங்கு வாய்ப்பு. அங்க விழுந்தா சராசரி பன்னெண்டரை நிமிஷம் நிக்கணும், இங்க விழுந்தா ரெண்டரை. போட்டுப் பாரு. போட்டா 10.83 வருது. வண்டிங்க ஒன்னு பின்னாடி ஒன்னு சேந்து வர வர உன் காத்திருப்பு ஏறும், பஸ் எண்ணிக்கைய குறைக்காமலே. சென்னைல பொறந்து வளந்த எனக்கு "வராது, வந்தா ரெண்டா வரும்"ங்கிற பொலம்பல் தெரியும். அதுக்கு பின்னாடி கணக்கு இருக்குன்னு, இருபது வருஷம் மேத்ஸ் எடுத்தவ, அன்னிக்கு தான் யோசிச்சேன்.

ஒரு ஸ்கூல் பசங்க மட்டும் இருந்தா அந்த பாடத்த அப்படி எடுத்திருக்கவே முடியாது. ஒரே ஸ்டாப்பு தான இருந்திருக்கும்.

அப்புறம் டிசம்பர். மிக்ஜாம் புயல். 3-ந்தேதி ராத்திரி ஆரம்பிச்ச மழை 4-ந்தேதி முழுக்க பேஞ்சு, வேளச்சேரி பள்ளிக்கரணை பக்கம் எல்லாம் என்னாச்சுன்னு உங்களுக்கே தெரியும். பைத்தான் எடுக்கற சார் பள்ளிக்கரணைல தரைத்தளம், குடும்பத்தோட மேல் வீட்டுக்கு ஏறி ரெண்டு நாள் பிரெட்ட சாப்ட்டுட்டு இருந்தாரு, போன் ஸ்விட்ச் ஆஃப். எங்க சர்வர் எங்கயோ வெளியூர்ல பத்திரமா ஓடிட்டு இருந்துச்சு. அது தான் பிரச்சனையே. அந்த வாரம் கெடு தள்ளிப் போடணும்னு எனக்கு தோணவே இல்ல, எங்க தெருவுலயும் முழங்கால் தண்ணி, இன்வெர்ட்டர் போயி, அம்மாவுக்கு மாத்திர தேடி அலைஞ்சிட்டு இருந்தேன். சர்வர் தன் கடமைய செஞ்சுது. முடிக்காத பசங்களுக்கு எல்லாம் வரிசையா சைபர் போட்டு, கூடவே "நீங்கள் இந்த வாரப் பணியைச் சமர்ப்பிக்கவில்லை"ன்னு சுத்தத் தமிழ்ல ஒரு மெசேஜும் அனுப்பிடுச்சு. அந்த மெசேஜ் வாசகத்த எழுதினது நான் தான், ஆகஸ்ட்ல, ரொம்ப கண்ணியமா இருக்கணும்னு யோசிச்சு யோசிச்சு.

சிக்னல் வந்ததும் முதல் கால் ஒரு அம்மா. பெரும்பாக்கம். கோவமா கூட இல்ல. "மேடம், வீட்டுக்குள்ள தண்ணி, பொண்ணு பொஸ்தகத்த எல்லாம் பரண்ல ஏத்திட்டு உக்காந்திருக்கா, போன்ல சார்ஜ் ஏத்தினதும் முதல்ல இது தான் வந்துச்சு, அழுதுட்டே இருக்கா, சைபர் போட்டீங்களாமே"ன்னாங்க. என்னத்த சொல்றது. சாரிம்மான்னு நாலு தடவை சொன்னேன். சைபர் எல்லாத்தையும் எடுத்துட்டு, ஒவ்வொரு வீட்டுக்கும் போன் பண்ணேன், லைப்ரரி அக்கா அவங்க ஸ்கூல் பசங்களுக்கு எனக்கு முன்னாடியே பண்ணி முடிச்சிருந்தாங்க. அதுக்கப்புறம் அரையாண்டு, பொங்கல் லீவு, ஜனவரி முடியறதுக்குள்ள ரிவிஷன் டெஸ்ட். மழைக்கு முன்னாடி இருந்தவங்கள்ல நெறைய பேர் திரும்ப வரவே இல்ல. போர்டு எக்ஸாம் மார்க் லிஸ்ட்ல எங்க கோர்ஸுக்கு எடமில்ல, 600-க்கு எவ்ளோன்னு தான் ஊர் கேக்கும். அதனால நேரம் நெருக்குனா ஹெச்எம் முதல்ல கை வெக்கறது எங்க லேப் பீரியட்ல தான். அவங்கள குத்தம் சொல்ல எனக்கு வாய் வரல, நானும் அந்த சேர் பக்கத்துல உக்காந்தவ தான்.

மே மாசம், டீச்சர பத்தி விதில எழுதாம விட்ட அந்த ஓட்டை வழியா தண்ணி வந்துச்சு. ஸ்டாட்டிஸ்டிக்ஸ் மிஸ்ஸ, நெட்வொர்க்ல இருக்கற இன்னொரு ஸ்கூலே கூடுதல் சம்பளம் கொடுத்து எடுத்துக்கிச்சு. அவங்க எடுத்த கிளாஸ அந்த நிர்வாகம் வருஷம் முழுக்க ஓசில பாத்திருக்கு, இதவிட பெரிய டெமோ கிளாஸ் எங்க கிடைக்கும்? மிஸ் என்கிட்ட வந்து "மேடம், வீட்டு லோன் இருக்கு"ன்னு தலைய குனிஞ்சுக்கிட்டு சொன்னாங்க. போங்கம்மா, சந்தோஷமா போங்கன்னு தான் சொன்னேன், நெஜமாவே அப்படி தான் நெனச்சேன், அவங்க வாங்கிட்டு இருந்த சம்பளத்த இங்க எழுதினா படிக்கிறவங்களுக்கே கூச்சமா இருக்கும். ஆனா வடசென்னை சார எப்படி சமாளிக்கிறது?

நேர்ல போனேன். வடசென்னை சாரு ரூம்ல ஃபேன் மட்டும் சத்தம் போட்டுச்சு. பத்து நிமிஷம் கத்தினாரு. "நான் அன்னிக்கே கேட்டேனா இல்லையா? என் டீச்சர கொடுன்னீங்க, கொடுத்தேன். இப்போ டீச்சரே இல்ல." நான் எதிர்த்து ஒரு வார்த்தை பேசல, பேச என்ன இருக்கு. கடைசில ஆள அனுப்பி மோர் கொண்டு வரச் சொன்னாரு, எனக்கும் சேத்து. வாசல் வரைக்கும் வந்து "இந்த வருஷம் எங்கள எண்ணிக்கைல சேக்காதீங்க"ன்னாரு.

ஜூன்ல மத்த பத்து ஸ்கூலுக்கும் புது ஒப்பந்தம் போச்சு, இந்த தடவை டீச்சர் பத்தி தனியா மூணு பத்தி, ரெண்டு வருஷத்துக்கு உறுப்பினர் ஸ்கூல் எடுத்துக்கக் கூடாதுன்னு. எடுத்துக்கிட்ட ஸ்கூல் தான் முதல்ல கையெழுத்து போட்டு அனுப்புச்சு, இனிமே அவங்க டீச்சர யாரும் இழுக்கக்கூடாதுல்ல.

நேத்து சாயங்காலம் வாட்ஸாப்ல ஒரு பிடிஎஃப். வடசென்னை ஸ்கூல் லெட்டர்ஹெட், சீல், கையெழுத்து, எல்லாம் முறைப்படி. புதுசா சேந்த ஒரு சின்ன பொண்ணு காமர்ஸ் எடுப்பாங்களாம், அனுபவம் ஒரு வருஷம். சீட்டு எத்தனைங்கிற எடத்துல அச்சடிச்ச 25-அ பேனாவால அடிச்சிட்டு 30-ன்னு எழுதியிருக்காரு. பக்கத்துல சின்னதா, "போன வருஷ பாக்கி".